தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட வீரர்கள்... 53-வது நொடியில் நடப்பது என்ன?

ஆகஸ்ட் 15 காலை. திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே இருக்கும் குஜிலியம்பாறையில் எந்தப் பள்ளிக்குள் எட்டிப் பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம். பூக்களோடு சேர்த்து முடிந்து கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிய கொடி. இஸ்திரி போட்ட சீருடை. தட்டு நிறைய மிட்டாய். கயிற்றை இழுத்ததும் கொடி அவிழ்ந்து பூ கொட்டும், கைதட்டல் எழும். தேசிய கீதம் தொடங்கியதும் அத்தனை பேரும் விறைப்பாக நிற்பார்கள். முழுதாகப் பாடினால் 52 நொடி. முடிந்த அடுத்த நொடியே வரிசை கலையும், மிட்டாய்த் தட்டை நோக்கிக் கைகள் நீளும்.

அந்த 52 நொடியில், வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் வாயைத் திறக்காமல் நின்றால்? அதே பிள்ளை நாளைக்கு வளர்ந்து, பெரிய விளையாட்டு வீரராகி, பல்லாயிரம் பேர் பார்க்கும் மைதானத்தில் அப்படி நின்றால்?

உலகத்தின் பல மைதானங்களில் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. சிலருடைய வாழ்க்கையையே அது புரட்டிப்போட்டிருக்கிறது. கேள்விக்கு இந்தியாவிலும் ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வைத்தவர்கள் மூன்று பள்ளிப் பிள்ளைகள். முதலில் வீரர்களைப் பார்த்துவிடலாம்.

உட்கார்ந்தவர், பிறகு மண்டியிட்டவர்

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசத்தோடு மோதிக்கொள்ளும் ஆட்டம். அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., அந்த நாட்டில் பணமும் பார்வையாளர்களும் கொழிக்கும் இடம். அதில் சான்ஃபிரான்சிஸ்கோ 49-யர்ஸ் அணியின் ஆட்டத்தை வழிநடத்தும் இடத்தில் இருந்தவர் காலின் கேப்பர்னிக். 2013-ல் அந்த அணியை சூப்பர் பௌல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர்.

2016 ஆகஸ்ட் மாதம். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் தேசிய கீதம் ஒலித்தபோது எல்லோரும் நிற்க, கேப்பர்னிக் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. மாதக் கடைசியில் ஒரு புகைப்படம் வெளியே வந்த பிறகுதான் பிரச்னை வெடித்தது. கறுப்பின மக்கள் போலீஸின் கையில் செத்துக்கொண்டிருக்கும்போது தன்னால் பெருமையோடு எழுந்து நிற்க முடியவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இங்கே ஒரு திருப்பம். அமெரிக்கச் சிறப்புப் படையில் பணியாற்றிய முன்னாள் ராணுவ வீரர் நேட் போயர், கேப்பர்னிக்கை நேரில் சந்தித்தார். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. மண்டியிட்டால் அப்படித் தெரியாது என்று யோசனை சொன்னார். உயிர்நீத்த சக வீரனின் கல்லறை முன்னால் ராணுவத்தினர் ஒரு கால் மண்டியிட்டுத்தான் அஞ்சலி செலுத்துவார்கள். கேப்பர்னிக் ஏற்றுக்கொண்டார். 2016 செப்டம்பர் 1-ம் தேதி சாண்டியாகோ மைதானத்தில் அவரும், அவருடைய அணித்தோழர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள்.

ஆக, உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த மண்டியிடல், ராணுவத்தை இழிவுபடுத்தக் கிளம்பியது அல்ல. அதைச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு ராணுவ வீரர்தான்.

ஆனால், கேப்பர்னிக் என்ன காரணம் சொன்னார் என்பது சீக்கிரமே பின்னால் போய்விட்டது. “கொடியை மதிக்கிறானா, இல்லையா?” என்பது மட்டுமே பேச்சானது. 2017 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், இப்படிச் செய்யும் வீரர்களை அணி முதலாளிகள் வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்று அன்றைய அதிபர் டிரம்ப் கொச்சையாகவே பேசினார். விளைவு நேர்மாறாக இருந்தது. அந்த வாரத்து ஆட்டங்களில் 200-க்கும் மேற்பட்ட வீரர்கள் மண்டியிட்டார்கள் அல்லது உட்கார்ந்தார்கள்.

கேப்பர்னிக்கின் நிலை? 2017 மார்ச்சில் 49-யர்ஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். அதன்பிறகு எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை. எல்லா அணிகளும் சேர்ந்து தன்னை ஒதுக்குவதாக அவர் லீக் மீது புகார் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் அது சமரசத்தில் முடிந்தது. ஆட மட்டும் மறுபடி வாய்ப்பே வரவில்லை. அவர் கடைசியாக ஆடியபோது வயது 29.

2020 மே 25-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்ற வீடியோ உலகை உலுக்கியது. அடுத்த சில நாள்களில் என்.எஃப்.எல். தலைவர் ரோஜர் குடெல், வீரர்கள் சொன்னதை முன்பே கேட்காமல் விட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். கேப்பர்னிக்கின் பெயரை மட்டும் அவர் சொல்லவில்லை.

அந்த ஒப்புதல் வருவதற்கு நான்கு வருடம் ஆனது. ஒரு விளையாட்டு வீரரின் உச்சகட்ட வயதில் நான்கு வருடம் என்பது கிட்டத்தட்ட அவருடைய முழு வாழ்க்கை.

பாடாத பதினொரு பேர்

அடுத்தது நம் ஊருக்கும் தெரிந்த கால்பந்து. 2022 நவம்பர் 21, கத்தார் உலகக் கோப்பை. இங்கிலாந்துக்கு எதிராக ஈரான் அணி மைதானத்தில் வரிசையாக நிற்கிறது. ஈரானின் தேசிய கீதம் ஒலிக்கிறது. பதினொரு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. இறுகிய முகத்தோடு நின்றார்கள். ஈரான் அரசுத் தொலைக்காட்சி அந்த முகங்களைக் காட்டாமல் மைதானத்தைத் தூரத்திலிருந்து காட்டியது.

இரண்டு மாதங்களுக்கு முன்பு, தலையை முறைப்படி மறைக்கவில்லை என்று கலாசாரக் காவல் துறை பிடித்துப்போன 22 வயது மாஷா அமினி உயிரிழந்திருந்தார். ஈரான் தெருக்களில் பெண்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களுக்காகத்தான் இந்த மௌனம். ஆட்டத்தில் 6-2 என்று ஈரான் தோற்றது. ஆனால், மறுநாள் உலகம் பேசியது கோல்களைப் பற்றி அல்ல.

நான்கு நாள் கழித்து வேல்ஸ் அணியோடு ஆட்டம். இந்த முறை ஈரான் வீரர்களின் உதடுகள் அசைந்தன. உற்சாகமே இல்லாமல் முணுமுணுத்தார்கள். கேலரியில் இருந்த ஈரானியர்களில் சிலர் கூச்சலிட்டார்கள், சிலர் அழுதார்கள். வீரர்கள் ஊர் திரும்ப வேண்டும். ஊரில் குடும்பம் இருக்கிறது.

மௌனத்துக்கும் விலை உண்டு. அதைக் கொடுக்கப்போவது பார்ப்பவர்கள் அல்ல, நிற்பவர்கள்.

காலுறையோடு மேடை ஏறியவர்கள்

இதற்கெல்லாம் முன்னோடி 1968-ல் நடந்தது. மெக்சிகோ ஒலிம்பிக், அக்டோபர் 16. 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற டாமி ஸ்மித்தும், வெண்கலம் வென்ற ஜான் கார்லோஸும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு மேடை ஏறினார்கள். கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டத்தான் அந்த வெறுங்கால். அமெரிக்க தேசிய கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தினார்கள். இருவரும் ஒலிம்பிக் கிராமத்திலிருந்து அனுப்பப்பட்டார்கள்.

வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன் வெள்ளையர். அவர் கையை உயர்த்தவில்லை. ஆனால், அவர்களுடைய மனித உரிமை இயக்கத்தின் பேட்ஜை நெஞ்சில் குத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். 2006-ல் நார்மன் இறந்தபோது, அவருடைய சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் இருவர், ஸ்மித்தும் கார்லோஸும்.

இந்திய வீரர்கள் என்ன செய்தார்கள்?

இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. 1936 பெர்லின் ஒலிம்பிக். தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணி, இறுதிப்போட்டியில் ஜெர்மனியைச் சந்திக்க வேண்டும். பயிற்சி ஆட்டத்தில் அதே ஜெர்மனியிடம் தோற்றிருந்ததால் வீரர்களுக்கு உள்ளூரப் பயம். அன்றைக்கு அணியின் அதிகாரபூர்வக் கொடி பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. ஆனால், ஆட்டத்துக்கு முன் உடை மாற்றும் அறையில் அணியின் நிர்வாகிகளில் ஒருவரான பங்கஜ் குப்தா, காங்கிரஸின் மூவர்ணக் கொடியை வெளியே எடுத்தார். வீரர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுக் களம் இறங்கினார்கள். இந்தியா 8, ஜெர்மனி 1. அன்று தேதி ஆகஸ்ட் 15. சரியாக 11 வருடம் கழித்து, அதே தேதியில் நாடு விடுதலை பெற்றது.

அன்றைய அரசின் கண்ணில் பட்டிருந்தால் அது கீழ்ப்படியாமை. இன்றைக்குப் படித்தால் பெருமிதம். காலம் மாறும்போது ஒரே செயலின் பெயரும் மாறிவிடுகிறது.

சமீபத்திய உதாரணம் கால்பந்திலிருந்தே இருக்கிறது. 2023 ஜூலை 4, பெங்களூரு கண்டீரவா மைதானம். தெற்காசியக் கால்பந்துக் கோப்பையான சாஃப் போட்டியில் குவைத்தை பெனால்டி ஷூட் அவுட்டில் 5-4 என்று வென்றது இந்தியா. பதக்கம் வாங்க வந்த நடுக்கள வீரர் ஜீக்ஸன் சிங், ஏழு வண்ணக் கொடி ஒன்றைப் போர்த்தியிருந்தார். அவருடைய மணிப்பூரில் மெய்தி மக்கள் பயன்படுத்தும் கொடி அது. ஜீக்ஸன் சாதாரண வீரர் அல்ல. 2017-ல் டெல்லியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கொலம்பியாவுக்கு எதிராக அவர் அடித்ததுதான், எந்த ஒரு ஃபிஃபா உலகக் கோப்பையிலும் இந்தியா அடித்த முதல் கோல்.

அது தேசிய கீத நேரம் அல்ல. ஆனாலும் சர்ச்சை கிளம்பியது. மணிப்பூர் அப்போது இரண்டு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. வன்முறை தொடங்கிய மே 3-ம் தேதி, மணிப்பூரைச் சேர்ந்த இன்னொரு இந்திய வீரர் சிங்லென்சனா சிங் கோழிக்கோட்டில் ஹைதராபாத் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். சுராசந்த்பூர் பகுதியில் இருந்த அவருடைய வீடும், பிள்ளைகளுக்காக அவர் போட்ட கால்பந்துத் திடலும் எரிந்துபோயின. குடும்பம் உயிர் தப்பியது.

யாருடைய மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் இல்லை, தன் மாநிலத்தில் நடப்பதன் மீது கவனம் திரும்ப வேண்டும், அமைதி வர வேண்டும் என்பதே எண்ணம் என்று ஜீக்ஸன் விளக்கம் சொன்னார். ஆனால், அது மோதலில் இருந்த ஒரு தரப்பின் கொடி. இன்னொரு தரப்பான குக்கி மக்களுக்கு அதைப் பார்த்து வலிக்கத்தான் செய்யும். அவர்களும் அதே நாட்களில் வீடுகளையும் உறவுகளையும் இழந்தவர்கள். எதிர்ப்பைக் காட்ட எடுக்கும் அடையாளம் எது என்பதும் முக்கியம் என்று காட்டிய சம்பவம் அது.

பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகள்

சரி, இந்தியாவில் தேசிய கீதத்தின்போது ஒருவர் வாய் திறக்காமல் நின்றால் அது குற்றமா?

இதற்குப் பதில் தந்தது பக்கத்து மாநிலமான கேரளத்தின் ஒரு வழக்கு. அண்ணன் பத்தாம் வகுப்பு, ஒரு தங்கை ஒன்பதாம் வகுப்பு, இன்னொரு தங்கை ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடக் கூடாது என்பது அவர்களுடைய நம்பிக்கை. தினமும் காலை வழிபாட்டில் மற்ற பிள்ளைகளோடு எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். அதே பள்ளியில் முன்பு படித்த அவர்களுடைய அக்காக்களும் அப்படித்தான். யாரும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்து, சட்டமன்றத்தில் பேசினார். விசாரணைக் குழு போட்டார்கள். பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், தேசிய கீதத்தை அவமதிக்கவில்லை என்றே அந்தக் குழு சொன்னது. ஆனாலும் கல்வி அதிகாரியின் உத்தரவின்பேரில் ஜூலை 26-ம் தேதி மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றத்திலும் அவர்களுக்கு நீதி கிடைக்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1986 ஆகஸ்ட் 11-ம் தேதி, நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் தீர்ப்பு சொன்னார்கள். தேசிய கீதத்தைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதையோடு எழுந்து நிற்பவர் பாடாமல் இருப்பதாலேயே அவமதித்தவர் ஆகிவிட மாட்டார். பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும். இதுதான் சாரம். பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்பைத்தான் சொல்கின்றன, அதை நீர்த்துப்போக விடக் கூடாது என்ற வேண்டுகோளோடு தீர்ப்பு முடிந்தது. ‘பிஜோ இம்மானுவேல் வழக்கு’ என்று சட்டம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழக்கு இது.

அப்படியானால் எது குற்றம்? 1971-ம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் சொல்வது இதுதான்: தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பதும், பாடும் கூட்டத்தில் தொந்தரவு செய்வதும் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மற்றவர் பாடுவதைக் கெடுப்பது வேறு; தான் பாடாமல் இருப்பது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவே 1986-ல் நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஆனால், அந்த மூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றவர்கள். மண்டியிடுவது பற்றியோ, உட்கார்ந்திருப்பது பற்றியோ பேசிய தீர்ப்பு அல்ல அது.

தியேட்டரில் நடந்தது

கோடு கிழித்தாலும், மக்கள் அதைத் தாண்டாமல் இருப்பது கடினம். 2016 நவம்பர் 30-ம் தேதி, தியேட்டர்களில் படத்துக்கு முன் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு தியேட்டரில் எழுந்து நிற்காதவர்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் மீதே வழக்கும் பாய்ந்தது. அந்த உத்தரவுக்குச் சில வாரங்கள் முன்பு கோவாவில் எழுத்தாளர் ஒருவரைப் பின்னால் இருந்தவர்கள் அடித்தார்கள். அவர் எழுந்து நிற்காததற்குக் காரணம் அரசியல் அல்ல. அவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர்.

அடித்தவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. 2018 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திருத்தி, தியேட்டரில் தேசிய கீதம் ஒலிப்பது கட்டாயமில்லை என்று சொன்னது.

அந்தப் பக்கத்து வலி

இதற்கு மறுபக்கமும் உண்டு. ராணுவத்துக்குப் பிள்ளையைக் கொடுத்த குடும்பங்கள் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலும் இருக்கின்றன. எல்லையிலிருந்து மூவர்ணம் போர்த்திய பெட்டியில் மகன் வீடு வந்து சேர்வதைப் பார்த்த தாய்க்கு, அந்தப் பாட்டு வெறும் 52 நொடி அல்ல. அந்த நேரத்தில் ஒருவர் முகம் திருப்பி நின்றால், தன் மகனையே மறுப்பதுபோல அவளுக்குத் தோன்றும். அவளிடம் போய்ச் சட்டப் பிரிவைப் படித்துக் காட்ட முடியாது.

நாட்டின் ஜெர்சியைப் போட்டு, நாட்டின் செலவில் பயிற்சி எடுத்தவருக்கு எதிர்ப்பைக் காட்ட வேறு நேரமே கிடைக்கவில்லையா என்ற கேள்வியும் நியாயமானதே. மைதானத்தில் அரசியல் கூடாது என்று ஒலிம்பிக் விதிகளும் கால்பந்து விதிகளும் சொல்கின்றன. பதக்க மேடையில் ஆளுக்கு ஓர் அரசியல் பேசத் தொடங்கினால், ஆட்டம் எங்கே போய் நிற்கும்?

ஆனால், இதுவரை பார்த்தவர்கள் யாரும் முதல் வேலையாக மைதானத்துக்கு வந்துவிடவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களும், ஈரான் பெண்களும் தெருவில் இறங்கிக் கத்திப் பார்த்த பிறகுதான், வீரர்கள் அந்த 52 நொடியைக் கையில் எடுத்தார்கள். எல்லாக் கேமராக்களும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும். வலித்தது என்று சொல்கிற தாய்க்கும், வலிக்கிறது என்று மண்டியிடுகிற வீரருக்கும் ஒரு விஷயம் பொது. இரண்டு பேரும் நாட்டைத் தங்கள் வீடாக நினைக்கிறார்கள். அந்நிய வீட்டில் யாரும் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பதில்லை.

53-வது நொடி

கேப்பர்னிக் பாட்டைக் கெடுக்கவில்லை. ஈரான் வீரர்கள் யாரையும் பாடவிடாமல் தடுக்கவில்லை. கேரளப் பிள்ளைகள் வரிசையைவிட்டு நகரக்கூட இல்லை. அந்த 52 நொடியும் எல்லோருக்கும் அமைதியாகவே கழிந்தது. சிக்கல் ஆரம்பித்தது 53-வது நொடியில்தான். அமெரிக்காவில் “ஏன் மண்டியிட்டாய்?” என்று கேட்டுப் பதிலைக் காதில் வாங்க நான்கு வருடம் ஆனது. கேரளத்தில் “ஏன் பாடவில்லை?” என்று கேட்டு, பிள்ளைகள் சொன்ன பதிலை மதிக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கோவா தியேட்டரில் யாரும் கேட்கவே இல்லை. கைதான் முதலில் நீண்டது.

நாளைக்கே குஜிலியம்பாறையிலிருந்து ஒரு பெண்ணோ பையனோ இந்திய அணியின் நீல ஜெர்சியில் மைதானத்தில் நிற்கலாம். தொண்டை கிழியப் பாடலாம், கண் கலங்கலாம். அல்லது ஏதோ ஒரு காரணத்தால் வாய் மூடி நிற்கலாம். அது என்ன காரணம் என்று கேட்கும் பழக்கம் அமெரிக்காவிலோ கத்தாரிலோ தொடங்காது. இங்கே, பள்ளி மைதானத்தில்தான் தொடங்கும்.

வரிசையில் பாடாமல் நிற்கிற பிள்ளைக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தொண்டை கட்டியிருக்கலாம். வரி மறந்துபோயிருக்கலாம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். வீட்டில் வேறு நம்பிக்கை இருக்கலாம். யாரிடமும் சொல்ல முடியாத கோபம் இருக்கலாம்.

பாட்டு முடியட்டும். வரிசை கலையட்டும். எல்லோருக்கும் தருகிற அதே மிட்டாயை அந்தப் பிள்ளையின் கையிலும் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்கலாம்: “என்னப்பா, ஏன் பாடலை?”

பதில் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால், கேட்ட பிறகு கிடைக்கும் பதிலோடுதான் சண்டை போட முடியும். கேட்காமலே போடும் சண்டையில் யாரும் ஜெயித்ததில்லை.